ஆட்குறைப்பும் நமது கதாசிரியர்களும்

கணினியின் முன் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கும் தமிழனைப் பற்றிய கதைகள் நம் நாட்டில் இப்போது தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. பால்மரத்தையும் லயத்தையும் விட்டு நம் கதாசிரியர்கள் வெளியே வரமாட்டார்களா என்று ஏங்கியிருந்த நமக்கு இது மகிழ்ச்சி தருவதே. அவற்றுள் சில ஆட்குறைப்பு என்னும் விஷயத்தைத் தொட்டிருக்கின்றன. கம்பெனி கை மாறுகிறது. நஷ்டம் என்று பேச்சு எழுகிறது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ என்று நூறு பேர் நடுங்குகிறார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காலையில் ரயிலேறும் நம்மவர் பலரது நெஞ்சில் இன்று கிடந்து அரிக்கும் கவலை இதுவேயாதலின், இதை எழுதுவது எழுத்தாளரின் கடமை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நம் பார்வைக்கு வந்த கதைகளைப் படித்து முடித்தபோது மனம் நிறைவு பெறவில்லை. அவற்றின் முடிவுகள் மூன்றே வகையாக இருக்கின்றன. ஒரு வகையில் மேலதிகாரி ஒரு துஷ்டன். கதாநாயகனின் திறமையில் பொறாமை கொண்டு அவனை நீக்கிவிடுகிறான். மற்றொரு வகையில் வேலை போனவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான், மனைவி அழுகிறாள், கதை முடிகிறது. மூன்றாவது வகையிலோ, வேலை போன சில மாதங்களுக்குள் அவன் சொந்தத் தொழில் தொடங்கிச் செல்வனாகி, தன்னை நீக்கியவனுக்கே வேலை கொடுக்கிறான். அது இயலாவிடில், பத்துமலைக்கு நேர்ந்துகொண்ட மறுநாள் புது வேலைக்கான கடிதம் வந்துவிடுகிறது.

துஷ்டன், மரணம், அதிர்ஷ்டம் ஆகிய இம்மூன்றும் கதையை விரைவாக முடிக்க உதவுவன. ஆனால் ஆட்குறைப்பின் உண்மையான கொடுமை, கம்பெனி விலைபோன நாளுக்கும் கடிதம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே கிடக்கும் அந்த மாதங்களில் அன்றோ இருக்கிறது? அந்த மாதங்களில் மனிதன் தன் பக்கத்து நாற்காலிக்காரனை எப்படிப் பார்க்கிறான், வீட்டில் எதை மறைக்கிறான், எதற்குச் சிரிக்கிறான் என்பதை நம் கதைகள் சொல்வதில்லை. அச்சத்தை எழுதாமல், அச்சம் முடிந்த பிறகு வரும் அழுகையை மட்டும் எழுதுகிறோம். இது கலைக்குறை மாத்திரமன்று; சமூகத்துக்கும் கேடு செய்வது என்பதே நமது கட்சி. அதை இங்கே நிறுவ முயல்வோம்.

முதலில் துஷ்டன் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இன்று பல கம்பெனிகளை வாங்கி விற்பவை தனியார் முதலீட்டு நிதியங்கள். அவை வாங்கும் முறையைக் கதாசிரியர் சற்றேனும் அறிந்திருத்தல் வேண்டும். நிதியம் தன் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் போடும்; மீதியைக் கடனாக வாங்கும்; அந்தக் கடனை, வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏற்றிவிடும். அதாவது, விலைபோனவன் தன்னை விலைக்கு வாங்கிய கடனையும் தானே உழைத்து அடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள் கம்பெனியை இலாபத்துக்கு மறுபடி விற்றுவிடுவதே நோக்கம். வியாபாரம் செழித்தால் எல்லாம் நன்று. சற்றுத் தளர்ந்தால், வட்டியைக் குறைக்க முடியாது, ஆட்களைக் குறைக்கலாம். இதுதான் கணக்கு.

அமெரிக்காவின் 'டாய்ஸ் ஆர் அஸ்' என்னும் பொம்மைக் கடைக் கம்பெனியை 2005ஆம் ஆண்டில் இரண்டு நிதியங்களும் ஒரு நிலச்சொத்துக் கம்பெனியும் சேர்ந்து 660 கோடி டாலருக்கு வாங்கின. கடன் மலையாக நின்றது. 2017இல் அது நொடித்தது. 2018இல் அந்நாட்டுக் கடைகள் மூடப்பட்டு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். மென்பொருள் துறையில் 'புளூரல்சைட்' என்னும் கம்பெனியை 2021இல் 'விஸ்தா' என்ற நிதியம் வாங்கியது. 2022 டிசம்பரில் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினர் நீக்கப்பட்டனர். 2024இல் அக்கம்பெனி கடன் கொடுத்தவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. இவற்றில் துஷ்டன் யார்? கடிதத்தில் கையொப்பமிட்ட மேலதிகாரியின் பெயரே அடுத்த பட்டியலில் இருக்கலாம். அவனைத் துஷ்டனாக்கிக் கதையை முடிக்கிறவர், உண்மையான காரணத்தை வாசகன் கண்ணிலிருந்து மறைத்தவராகிறார்.

இது புதுமையான நாகரிக நோய் என்றும், தோட்டத்துத் தமிழனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணுவோர் உண்டு. அவர்கள் நம் சொந்தச் சரித்திரத்தையே மறந்தவர்கள். 1950களில் இந்நாட்டில் நடந்த தோட்டத் துண்டாடல் இதே கணக்கல்லாமல் வேறென்ன? கொரிய யுத்தத்தை ஒட்டி ரப்பர் விலை ஏறி இறங்கிற்று, சுதந்திரம் நெருங்கிற்று, எதிர்காலத்தை எண்ணி ஐயுற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்கத் துணிந்தன. வாங்கியவர்களுள் பலர் ரப்பர் வெட்ட வந்தவர்களல்லர். கூட்டுச் சேர்ந்து மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டிச் சில்லறையாக விற்று இலாபம் காண வந்தவர்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அஜிஸ் எழுதிய அறிக்கை 1962இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. ஐந்தோ பத்தோ ஏக்கர் வாங்கிய சிறு முதலாளிக்குப் பழைய தொழிலாளரும் வேண்டாம், லயமும் வேண்டாம். ஆகவே வேலை போன அன்றே வீடும் போயிற்று. ஆயாக்கொட்டகையும் தமிழ்ப் பள்ளியும் கோயிலும் கூடவே போயின.

இன்றைய மென்பொருள் ஊழியனுக்கு வேலை போனால் வீட்டுக் கடன் நிற்கிறது; அன்றைய தொழிலாளிக்கு வீடே நிற்கவில்லை. அளவில் வேற்றுமை உண்டு. ஆனால் உழைப்பை வாங்க வராமல் விலையை வாங்க வந்த முதலாளி இருவருக்கும் ஒருவனே. அவன் முகத்தைத் தொழிலாளி ஒருபோதும் காண்பதில்லை என்பதும் இரண்டிடத்தும் ஒன்றே.

நிற்க, நமது இலக்கியம் இதை எவ்வாறு எழுதியது? தோட்டத் தமிழனின் துயரத்தைத் தமிழ் எழுத்து புறக்கணித்தது என்று நாம் சொல்லத் துணியோம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் எழுதினார். மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய வால்பாறைத் தோட்ட நாவல் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழுக்கு வந்து பலரையும் உலுக்கிற்று. நம் நாட்டு ரப்பர்த் தோட்ட வாழ்வை அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலாக்கினார். கங்காணியின் கொடுமை, துரையின் ஆணவம், பசி, நோய், பெண்களின் மானம் ஆகியவற்றை எழுத நம்மவர் நன்கு கற்றிருக்கிறார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அத்தகைய அவமானம் கண்ணுக்குத் தெரிவது. கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்கிறது. கதையும் தானே நடக்கிறது.

துண்டாடலிலோ சவுக்கும் இல்லை, துரையும் இல்லை. ஒருநாள் நில அளவைக்காரன் நிரைகளுக்கு நடுவே வந்து நிற்கிறான். கிராணியைக் கேட்டால், தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். மெய்யாகவே அவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து பிரட்டுக்களத்தில் பேச்சு குறைகிறது. மகளின் திருமணத்தை ஒருவர் தள்ளிவைக்கிறார். வேறொருவர் புதிய மணியத்துக்கு முன்கூட்டியே கோழி கொண்டு போய்க் கொடுக்கிறார். மூன்றாமவர் அதைக் கண்டு, தாம் முந்திக்கொள்ளாமற் போனோமே என்று வருந்துகிறார். இப்படியொரு அத்தியாயத்தை எழுதத்தக்க அனுபவம் நம்மிடம் ஆயிரம் தோட்டங்களில் கிடந்தது. ஆனால் நமது கதைகளில் மிகப்பல, லயம் இடிந்த காட்சியிலேயே தொடங்கி ஒப்பாரியில் முடிகின்றன. ஒப்பாரி வாசகனுக்குக் கண்ணீரைத் தரும், அறிவைத் தராது.

நம் நாட்டவரான கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' என்னும் நாவல் இங்கே நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு தந்தை, தமக்கு உரிமையில்லாத நிலத்தில் வேர் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் வீடு கட்டுகிறார். அது பறிபோகும் நிலை வந்தபோது வீட்டோடு தாமும் எரிந்துபோகிறார். அதுவும் மரணத்தில் முடிவதே. எனினும் அந்த மரணம் நம்மைக் குலுக்குவதற்குக் காரணம், அதற்கு முந்திய பக்கங்களில் அச்சம் அவரைச் சிறிது சிறிதாகத் தின்பதை ஆசிரியர் பொறுமையுடன் காட்டியிருப்பதே. முடிவை மட்டும் கடன் வாங்குவோர் இதைக் கவனித்தல் நலம்.

பிறமொழியாளர் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே சென்றிருக்கிறார்கள். ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1932ஆம் ஆண்டில் ஹான்ஸ் பல்லாடா என்பவர் 'சிறிய மனிதனே, இனி என்ன?' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் பின்னெபெர்க் ஒரு சாதாரண குமாஸ்தா. தானியக் கடையில் அவனோடு வேலை செய்யும் இருவரும் அவனும், எவனை நீக்கினாலும் மூவரும் விலகிவிடுவது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். பின்னெபெர்க் நீக்கப்படுகிறான், மற்ற இருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆசிரியர் அவ்விருவரைத் துரோகிகள் என்று ஏசவில்லை. அவர்களும் பயந்தவர்கள் என்பதை நாமே உணரும்படி விட்டுவிடுகிறார். பிறகு அவன் பெரிய துணிக்கடையில் சேர்கிறான். ஒவ்வொருவனும் மாதம் இவ்வளவு விற்றாக வேண்டும், தவறினால் வேலை இல்லை என்று அங்கே ஒரு விதி வருகிறது. அதுவரை நன்றாக விற்றவன், விதி வந்த நாள் முதல் விற்க முடியாமல் தடுமாறுகிறான். அச்சம் மனிதனின் திறமையையே அழிக்கிறது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நூலை நாம் கண்டதில்லை.

1949இல் மேடையேறிய ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்னும் நாடகத்தையும் பார்ப்போம். வில்லி லோமன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கம்பெனியை இப்போது நடத்துபவன், பழைய முதலாளியின் மகன். வெளியூர் அலைய உடம்பு இடங்கொடுக்கவில்லை, உள்ளூரிலேயே ஓர் இடம் கொடு என்று கெஞ்ச வில்லி போகிறான். முதலாளியோ புதிதாக வாங்கிய குரல்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் வில்லியை வெறுக்கவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவே. அண்டை வீட்டானிடம் வாராவாரம் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று மனைவியிடம் கொடுக்கிறானே வில்லி, அந்த ஒரு பொய்யில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது.

தமிழிலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' சினிமாத் தொழிலைப் பற்றியது. ஒரு படம் நின்றுபோக, அதை நம்பியிருந்தவர்கள் சிதறுகிறார்கள். எவரும் உரக்க அழுவதில்லை. ஆசிரியர் எவரையும் திட்டுவதுமில்லை. கார் வருமா, பணம் வருமா என்ற சில்லறை விசாரணைகளிலேயே ஒரு தொழில் சரிவதை அவர் காட்டிவிடுகிறார். மென்பொருள் உலகைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்த இரா. முருகனின் 'மூன்று விரல்', விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' ஆகியவையும் நம் எழுத்தாளர் படிக்கத்தக்கவை. சென்னையின் சாலையை அவர்கள் எழுதிவிட்டார்கள். நமது சைபர்ஜெயாவை எழுத வேண்டியவர் நாமே.

அதில் நமக்கென்றே ஒரு கதைப்பொருளும் காத்திருக்கிறது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடம், முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர்கள் 1921இல் திறந்த பிராங் பெசார் தோட்டம். 1990களில் புதிய தலைநகரும் அதனருகே கணினி நகரமாகிய சைபர்ஜெயாவும் எழுந்தபோது, அங்கிருந்த தோட்டங்களின் தொழிலாளர் டிங்கில் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். பாட்டன் மங்கு கட்டிய மண்ணின் அருகே பேரன் கணினி தட்டுகிறான். பாட்டனைத் தோட்டம் விலைபோனது வெளியேற்றியது. பேரனைக் கம்பெனி விலைபோவது வெளியேற்றப் பார்க்கிறது. இவ்விருவரையும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, தனக்கு நேர்வதைப் பேரன் சொல்லக் கூசுவதையும், சொல்லாமலே பாட்டன் புரிந்துகொள்வதையும் எழுதுவார் இல்லையா?

பேரன் ஏன் கூசுகிறான் என்பதே நம் சமூகத்தின் நோய். வேலையை நம்மவர் பிழைப்பாக மட்டும் கருதுவதில்லை. குடும்ப மானமாகவும் கருதுகிறோம். வேலை போனது தெரிந்தால் தங்கையின் சம்பந்தம் நின்றுவிடும். மாமன் வீட்டார் வாய்க்கு அவல் கிடைக்கும். கோயில் நிர்வாகத்தில் மதிப்புப் போகும். ஆகவே வேலை போனவன் காலையில் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ஒரு தேநீரோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறான். வீட்டிலோ, சனி பார்வை என்று சோதிடர் சொல்லிவிட்டார். எள் விளக்கு எரிகிறது. கடன் வட்டியின் கணக்கால் வந்த கேட்டைக் கிரகத்தின் தலையில் போட்டுவிட்டால், கணக்கைக் கேட்பார் யார்? விதி என்று முடிக்கும் கதையும் துஷ்டன் என்று முடிக்கும் கதையும் இந்த எள் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பனவே. சமூகத்துக்குக் கேடு என்று நாம் மேலே சொன்னது இதைத்தான்.

மேலும், நம் கதாநாயகர்களுக்குச் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு: இரண்டாண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட சேவைக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் முதலாளி தொழிலாளர் இலாகாவுக்கு அறிவித்தாக வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். வேலையிழந்தோருக்கான காப்புறுதிச் சட்டம் 2017இல் நிறைவேறி, வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித்தொகைக்கு வழி செய்திருக்கிறது. அதே சமயம், மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு மேற்சொன்ன இழப்பீட்டு விதி சட்டப்படி கட்டாயமில்லை. அவர்களது கதி ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியபடியே. நடுத்தர ஊழியன் தன் பத்திரத்தை முதன்முறையாக நடுநிசியில் எடுத்துப் படிப்பது எத்துணை உயிருள்ள காட்சி! அதை எழுதுவதற்கு விதியையும் வேண்டாம், விஷத்தையும் வேண்டாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கதை என்ன, தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரமா என்று இரசிகர் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பாத்திரங்களின் வாயில் சட்டப் பிரிவுகளைத் திணிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பல்லாடாவும் மில்லரும் அசோகமித்திரனும் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. பயந்தவன் செய்யும் சிறு காரியங்களை உண்மையாகக் காட்டினார்கள். படித்தவன், தன் அச்சம் தனக்கு மாத்திரம் உரியதன்று என்று கண்டுகொண்டான். ஆட்குறைப்பின் பலமெல்லாம் ஒருவர் அச்சத்தை மற்றவர் அறியாதிருப்பதில்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரன் நீங்கினால் நாம் தப்புவோம் என்று ஒவ்வொருவனும் இரகசியமாக எண்ணும்வரை, பட்டியல் போடுகிறவனுக்குச் சிரமமில்லை. அந்த இரகசியத்தை உடைக்கும் ஆற்றல் நல்ல கதைக்கு உண்டு. அது பிரசங்கத்துக்கு இல்லை.

இரகசியம் உடைந்ததால் விளைந்த நன்மைக்கு நம் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. துண்டாடல் தலைக்கு மேல் போன 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய், விற்கப்படும் நிலத்தை நீங்களே வாங்குங்கள் என்று தொழிலாளரிடம் சொன்னார். அவர்கள் தம் சொற்பக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் செலுத்தினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மேலும் பல தோட்டங்கள் தொடர்ந்தன. எல்லாத் தோட்டங்களும் தப்பின என்று சொல்வதற்கில்லை, தப்பாதவையே மிகுதி. ஆனால் அச்சப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசி, அச்சத்தைக் கணக்காக மாற்றிய அபூர்வமான தருணம் அது. அந்த முதல் பங்குப் பணத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு லயத்து வீட்டில் கணவனும் மனைவியும் விடிய விடியப் பேசியிருப்பார்களே, அந்த இரவைப் பற்றி நாம் படித்து மகிழத்தக்க ஒரு நல்ல நாவல் இன்னும் நம் கைக்கு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலைக்கு இன்று துன் சம்பந்தன் பெயரே வழங்குகிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் அச்சாலையைக் கடந்து ரயில் நிலையத்துக்கு விரையும் இளைஞருள் எத்தனை பேர் அப்பெயரின் பின்னுள்ள கதையை அறிவர்? அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் எழுத்தாளர். அவர்களது இன்றைய கவலையை எழுத வேண்டியவரும் அவரே. துஷ்டனையும் விதியையும் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, கடிதம் வருவதற்கு முந்திய மாதத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் எவ்வாறு உண்டு, உறங்கி, பொய் சொல்லி வாழ்கிறது என்பதை நம் கதாசிரியர் ஒருவர் உள்ளபடி எழுதட்டும். அதை முதலில் படிப்பவர், தேநீர்க் கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் அந்த மனிதராக இருந்தால், அன்று மாலையே வீட்டுக்குச் சென்று மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடக்கூடும். இலக்கியத்திடம் நாம் கேட்பது அவ்வளவே.